ஸ்பூல்: "தேக்கம்" எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

முடிக்க வேண்டிய வேலைகளை, முக்கியமாக அச்சுக்கு அனுப்பியவற்றை, முறை வரும்வரை வட்டில் வாங்கி வைப்பதுதான் ஸ்பூல். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஸ்பூல் கோப்பும் அச்சு முடிந்ததும் போய்விடுவதுதானே. "தற்காலிகக் கோப்பு" என்றே வைத்துவிடலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில், அச்சு முடிந்ததும் அது போய்விடுவதில்லை. லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருளான கப்ஸின் இப்போதைய இயல்பு அமைப்பில் ஆவணக் கோப்பு 86,400 விநாடி, அதாவது ஒரு நாள், வட்டிலேயே இருக்கும். சம்பளப் பட்டியல் அச்சிடும் அலுவலகத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் அடைவில் (கோப்புறையில்) கிடப்பதை நம்பி எந்த நிரலும் இருக்கக் கூடாது. பல லினக்ஸ் கணினிகளில் மறுதொடக்கத்திலேயே அது காலியாகிவிடும். ஸ்பூல் கோப்புகளுக்கான /வார்/ஸ்பூலில் இருப்பதோ முடிக்க வேண்டிய வேலை. அச்சுக்கு அனுப்பியதும் மின்சாரம் போனால்கூட, கணினி எழுந்ததும் கப்ஸ் அதை எடுத்து அச்சிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, "தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம்" என்று வழிகாட்டியில் எழுதினால், காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, கப்ஸின் தற்காலிக அடைவு ஸ்பூல் அடைவுக்குள்ளேயே இருக்கிறது: /வார்/ஸ்பூல்/கப்ஸ்/டெம்ப். இதை எப்படி எழுதுவீர்கள்?

ஸ்பூலைச் "சுருள்" என்றால் காகிதச் சுருள்தான் நினைவுக்கு வரும். "அச்சு வரிசை" என்பது, காத்திருக்கும் வேலைகளின் வரிசையான க்யூவுக்குப் போய்விட்டது; தவிர, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும், அச்சோடு தொடர்பில்லாத கிரானும் /வார்/ஸ்பூலைப் பயன்படுத்துகிறது.

என் பரிந்துரை "தேக்கம்". கணினி வேகமாகத் தருவதை வாங்கி வைத்து, மெதுவான அச்சுப்பொறிக்கு அது கேட்கிற அளவில் திறந்துவிடுவது நீர்த்தேக்கத்தின் வேலைதான். வினையும் கைவசம் இருக்கிறது. கோப்பை அச்சுக்கு அனுப்பும் எல்பிஆர் கட்டளைக்கு, பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையில் இருந்த பழைய விளக்கத்தை எழுதிப் பார்த்தேன்:

"-ஆர்: கோப்பைத் தேக்கியதும் மூலக் கோப்பை நீக்கும்.
-எஸ்: தேக்க அடைவுக்குப் படியெடுக்காமல் இணைப்பு மட்டும் போடும். அச்சாகும்வரை மூலக் கோப்பை மாற்றவோ நீக்கவோ கூடாது."

தடங்கல் இல்லாமல் வருகிறது. "பணித் தேக்கம்" என்றால் வேலை முடங்கிக் கிடப்பதாகத் தோன்றும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். அந்தச் சேர்க்கையை மட்டும் தவிர்த்து, தேக்க அடைவு, தேக்கக் கோப்பு என்று எழுதுவோம்.

இப்படித் தேக்கும் நிரலான ஸ்பூலரைத் "தேக்கி" என்றால் "தேக்கி வைத்தது" போன்ற வாக்கியத்தில் எச்சத்தோடு குழம்புகிறது. அதற்கு மட்டும் வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்; மற்றதை இந்த வார மொழிபெயர்ப்பிலேயே சேர்த்துவிடலாம்.