புதுப்பிப்பு: பெஞ்ச் கிரைண்டரில் துண்டு சிக்கும் பிரச்சினை

எங்கள் பட்டறையில் மேசையில் பொருத்திய, உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டரில் சின்னத் துண்டுகள் சக்கரத்துக்கும், துண்டை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் நடுவே சிக்குகின்றன என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னதுபோல இடைவெளிதான் காரணம். சக்கரம் தேயத் தேய அது கூடிக்கொண்டே போகும், யாரும் கவனிப்பதில்லை. இப்போது சக்கரத்திலிருந்து தாங்கியை 3 மில்லிமீட்டருக்குள்ளும், சக்கரத்தின் மேல்பக்கம் உள்ள தடுப்புத் தகட்டை 6 மில்லிமீட்டருக்குள்ளும் வைத்திருக்கிறோம். சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான் இந்த இடைவெளியைச் சரிசெய்யக் கை வைக்க வேண்டும். சிக்குவது நின்றுவிட்டது.

அப்புறம், கையுறை. போட்டால் நல்லதுதானே என்று சிலர் இன்னும் வாதாடுகிறார்கள். சுழலும் சக்கரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். ஆகவே கிரைண்டரில் கையுறை வேண்டாம், கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

புதுச் சக்கரத்தை மாட்டுமுன் மரக் கைப்பிடியால் தட்டிப் பார்க்கிறோம். கணீரென்று ஒலிக்காவிட்டால் விரிசல் இருக்கலாம், மாட்டுவதில்லை.