கடை பூட்டிக் கிடந்த மாதத்துக்கு சம்பளம் கேக்கிறது பிழையோ?

கல்வியங்காட்டுப்பிள்ளை (2020 ஜூன்)

வணக்கம் அண்ணாமார் அக்காமார், ஆரும் தெரிஞ்சாக்கள் பதில் சொல்லுங்கோ. நான் யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு புடவைக்கடையில ஆறு வருசமா சேல்ஸில நிக்கிறன், கடை பேர் இங்க வேண்டாம். பேஸிக் 22,000, சீசன் நேரம் கொமிஷன் கொஞ்சம் வரும், எல்லாமா இருபது பேருக்கு மேல வேலை செய்யிறம். மார்ச் 20 கொரோனா ஊரடங்கு போட்ட உடன கடை பூட்டினது. மார்ச் சம்பளம் ஒழுங்காத் தந்தவை, ஏப்ரலுக்கு பாதி, மே மாதத்துக்கு 7,000 தான் பாங்க்கில விழுந்தது. ஏன் எண்டு கேட்டதுக்கு, கவர்மென்ட் உங்களுக்கு 5,000 குடுத்தது தானே அதையும் பாத்துத்தான் போட்டிருக்கு எண்டு கணக்குப்பிள்ளை சொல்லுறார்.

இப்ப கடை திறந்து எட்டுப் பேரைத்தான் கூப்பிட்டிருக்கினம், அவைக்கு முழுச் சம்பளம். மிச்ச ஆக்களுக்கு ஜூலையில பாப்பம் எண்டுறார் முதலாளி. கூப்பிடாத ஆக்களைப் பாத்தால் முக்கால்வாசி கிளிநொச்சி, பளைப் பக்கமிருந்து பஸ்ஸில வாறவையும் கைப்பிள்ளைக்காரரும் தான். அதோட ஒரு கடிதம் தந்திருக்கினம், "எனது சொந்த விருப்பின் பேரில் சம்பளமற்ற விடுமுறை பெறுகிறேன்" எண்டு ரைப் பண்ணி, சைன் வைச்சுத் தரச்சொல்லி. எனக்கு அதில கை வைக்கவே மனம் வரேல்லை, நான் எங்க விருப்பப்பட்டனான்?

நான் போய்க் கேட்டனான், முதலாளி ஏசேல்லை, நல்லாத்தான் கதைச்சவர், ஆனா "பிள்ளை, வேலை செய்யாத மாதத்துக்கு சம்பளம் கேக்கிறது நியாயமோ, உனக்கு வெளிநாட்டில அண்ணையும் இருக்கிறார் தானே" எண்டார். அண்ணை பாரிஸில ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவுறவர், மார்ச்சில இருந்து அவருக்கே வேலை இல்லை. அப்பா மேசன், மூண்டு மாதமா ஒரு வேலை கிடைக்கேல்லை. அம்மான்ர காப்பு ரெண்டும் அடைவில, தம்பி லீசிங்கில எடுத்த ஓட்டோ முத்தத்தில நிக்குது, இதுக்கிடையில கிழமைக்கடன் (கிழமைக்குக் கிழமை கட்டுற குழுக்கடன்) தந்தவையும் போன் எடுக்கத் தொடங்கீட்டினம். உண்மையா எனக்கு முதலாளியோட சண்டை பிடிக்க விருப்பமில்லை, சித்திரை வருசமும் வைகாசிக் கலியாணமும் எங்கட கடைக்கு எவ்வளவு பெரிய யாவாரம் எண்டு எனக்குத் தெரியும், அதெல்லாம் அவருக்கும் போட்டுது தான். ஆனா நான் கேக்கிறது பிழையோ? கடிதத்தில சைன் வைக்கலாமோ?

---

பழைய_யூனியன்காரன்

தங்கச்சி, முதல்ல அந்தக் கடிதத்தில சைன் வைக்காதேங்கோ. மிச்சம் பிறகு.

நீங்கள் கேக்கிறது பிழையே இல்லை, இது ஏற்கனவே கதைச்சு முடிவெடுத்த விசயம். மே மாதம் தொழில் அமைச்சு, முதலாளிமார் சம்மேளனம், தொழிற்சங்கங்கள் மூண்டு தரப்பும் இருந்து கதைச்சு ஒரு உடன்பாட்டுக்கு வந்தவை: கொரோனாவால வேலைக்குக் கூப்பிட ஏலாத ஆக்களுக்கு மே, ஜூன் மாதங்களுக்கு பேஸிக்கில பாதி அல்லது 14,500 ரூபா, இதில எது கூடவோ அது. உங்கட பேஸிக்கில பாதி 11,000, அப்ப உங்களுக்கு வரவேண்டியது 14,500. 29,000க்கு மேல பேஸிக் இருக்கிற ஆக்களுக்குத்தான் பாதிக் கணக்கு கூட வரும். அதுக்கும் ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எவ் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டத்தான் வேணும். உங்கட 8 வீதம் 1,160 கழிஞ்சு கைக்கு 13,340 வரும், அவை தங்கட பக்கத்தால 12 வீதம் 1,740ம் ஈ.ரி.எவ் 3 வீதம் 435ம் போட வேணும். 7,000 எந்தக் கணக்கிலயும் வராது.

அந்த 5,000 கதை எனக்குச் சரியான கோபத்தைத் தருது. அது அரசாங்கம் ஏப்ரல், மே மாதங்களில வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு ஜீ.எஸ் (கிராம சேவகர்) மூலமாக் குடுத்த நிவாரணம், குடும்பத்துக்குக் குடுத்த காசு. அதை எடுத்து ஒரு முதலாளி தன்ர சம்பளக் கணக்கில கழிக்க அவருக்கு ஒரு உரிமையும் இல்லை. சனத்தின்ர வயித்துக்கு எண்டு வந்த காசு கடைசியில கடைக்கணக்கில லாபமா நிக்குது.

இப்ப கடிதம். பதினைஞ்சு பேருக்கும் அதுக்கு மேலயும் வேலை செய்யிற இடமெண்டால் 1971ம் ஆண்டின் 45ம் இலக்கச் சட்டம் இருக்கு, வேலையாளின்ர எழுத்து மூலச் சம்மதம் இல்லாம, இல்லாட்டி தொழில் ஆணையாளரின்ர அனுமதி இல்லாம ஆளை நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டுறது எண்டால் போ எண்டு சொல்லுறது மட்டும் இல்லை, தற்காலிகமா வேலை குடுக்காம விடுறதும் அதுக்குள்ள வரும். அவை ஏன் "சொந்த விருப்பின் பேரில்" எண்டு ரைப் பண்ணினவை எண்டு இப்ப விளங்குதோ? அந்தச் சம்மதத்தைத்தான் உங்களிட்ட இருந்து எழுத்தில வாங்கப் பாக்கினம். வாய்ச்சொல்லா ஆயிரம் சொல்லட்டும், நாளைக்கு விசாரணை எண்டு வந்தால் மேசையில கிடக்கப்போறது உங்கட கையெழுத்துத்தான்.

ஏப்ரல் கணக்கை இதோட சேத்துக் குழப்பாதேங்கோ, உடன்பாடு மே, ஜூனுக்குத்தான். ஏப்ரலை வேறயா எழுதிக் கேளுங்கோ.

---

சுன்னாகம்_கடைக்காரன்

நான் மற்றப் பக்கத்தில இருந்து கதைக்கிறன், கோபிக்காதேங்கோ. எனக்குச் சின்னக் கடை, நாலு பேர் வேலை. கடைச் சொந்தக்காரர் ஒரு மாத வாடகை கூட விட்டுத்தரேல்லை, கொழும்பில சாமான் எடுத்ததுக்குக் குடுத்த செக் எல்லாம் ஏப்ரல், மேயில திகதி போட்டது, காசில்லாட்டில் செக் திரும்பும், திரும்பினால் அடுத்தமுறை ஒருத்தனும் கடனுக்குச் சாமான் தரமாட்டான். சென்ட்ரல் பாங்க் 4 வீத வட்டிக்கு சௌபாக்கியா கொவிட் கடன் எண்டு அறிவிச்சது, நானும் பாங்க்குக்கு அலைஞ்சு கொண்டுதான் இருக்கிறன், அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர் எண்டு கேட்டுக் கேட்டு இன்னும் கைக்கு வரேல்லை. நாலு பேருக்கும் 14,500 போட்டனான், மனுசியின்ர சங்கிலியை வைச்சுத்தான் போட்டனான். சொல்லிக்காட்டேல்லை, முதலாளி எண்டால் பெட்டி நிறையக் காசு எண்டு நினைக்கிறவைக்குச் சொல்லுறன்.

ஆனா தங்கச்சியின்ர கடை இருபது பேர் வேலை செய்யிற கடை. அவரால எட்டுப் பேருக்கு முழுச் சம்பளம் குடுக்க ஏலுமெண்டால் மிச்ச ஆக்களைச் சும்மா விட்டது யாவாரக் கஸ்ரம் இல்லை, லேசான வழி. நான் எண்டால் கிழமைக்கு கிழமை ஆள் மாத்திக் கூப்பிடுவன், இந்தக் கிழமை பத்துப் பேர் அடுத்த கிழமை மற்றப் பத்துப் பேர். வேலையும் பங்கு, காசும் பங்கு, பஸ் இல்லாத பிள்ளையளுக்கு முதலே சொல்லிவிட்டால் அவையும் ஒழுங்கு பண்ணுவினம். கைப்பிள்ளைக்காரி எண்டதுக்காக ஒருத்தியைக் கழிச்சு விடுறது எனக்குச் சரியாப் படேல்லை.

ஒண்டு கேக்கிறன், கடைக்கு வந்து நிண்டு மாஸ்க்கோட வேர்க்க வேர்க்க வேலை செய்யிற பிள்ளைக்கும் வீட்டில இருக்கிற பிள்ளைக்கும் ஒரே சம்பளம் எண்டால் வந்த பிள்ளை என்ன நினைக்கும்?

---

பழைய_யூனியன்காரன்

அண்ணை, ஒரே சம்பளம் எண்டு ஆரும் சொல்லேல்லை. வந்தவைக்கு முழுச் சம்பளம், வராதவைக்கு ஆகக் குறைஞ்சது 14,500, வித்தியாசம் இருக்குத்தானே. வேலைக்கு வரமாட்டன் எண்டு இந்தப் பிள்ளை சொல்லேல்லை, கூப்பிடேல்லை. நீங்கள் சங்கிலி வைச்சுக் குடுத்தது பெரிய விசயம், அதுக்கு நான் தலை வணங்கிறன், ஆனா அந்தச் சுமை உங்கட தலையில மட்டும் விழுந்ததும் நியாயமில்லை. சில நாடுகளில அந்தச் சம்பளத்தை அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பிக் குடுக்குது.

---

லாசப்பல்_தம்பி

ஓம் அதைத்தான் சொல்ல வந்தனான், நான் பாரிஸ். இங்க மார்ச் 14 நடுச்சாமத்தோட ரெஸ்ரோரண்ட் எல்லாம் பூட்டினது. பதிவில வேலை செய்யிற ஆக்களுக்கு சோமாஜ் பார்சியல் எண்டு கையில எடுக்கிற சம்பளத்தில கிட்டத்தட்ட 84 வீதம் வந்தது, முதலாளி குடுப்பார், அரசாங்கம் அவருக்குத் திருப்பிக் குடுக்கும். ஆனா எங்கட பெடியள் கனபேர் நுவாரில, அதாவது பதிவில்லாமத் தான் வேலை, இல்லாட்டி பேப்பரில பத்து மணித்தியாலம் மிச்சம் கையில காசு. அவைக்குப் பேப்பரில இருக்கிறதுக்குத்தான் காசு, மிச்சத்துக்கு ஒரு சதமும் இல்லை, ஒரு றூமுக்குள்ள ஆறு பேர் இருந்து வாடகை எப்பிடிக் கட்டுறது எண்டு முழிச்ச நாளெல்லாம் ஊரில இருக்கிறவைக்குத் தெரியாது. தெரியக்கூடாது எண்டு நாங்களும் சொல்லுறேல்லை.

அதால தங்கச்சி, உங்கட அண்ணை காசு அனுப்பேல்லை எண்டால் தயவுசெய்து மனசில வைக்காதேங்கோ. அதைவிட உங்கட முதலாளி அந்தக் கதையை எடுத்ததே பிழை. அண்ணை எங்க இருக்கிறார் எண்டு பாத்தோ உங்களுக்குச் சம்பளம் போடுறவர்? ஆறு வருசம் நீங்கள் நிண்டு வித்த சீலைக்குத்தான் சம்பளம். யாழ்ப்பாணத்தில ஆரைக் கண்டாலும் வெளிநாட்டுக்காசு வரும் எண்டு நினைக்கிற நினைப்பால எத்தினை பேரின்ர கூலி குறையுது தெரியுமோ.

---

திருநெல்வேலி_ஓட்டோ

தம்பியின்ர ஓட்டோவுக்கு: லீசிங்குக்கு ஆறு மாதச் சலுகை சென்ட்ரல் பாங்க் சொன்னது, ஓட்டோ, ஸ்கூல் வான், பஸ், லொறி எல்லாத்துக்கும். ஆனா சும்மா கட்டாம விட்டால் சரியெண்டு இருக்காதேங்கோ, நேர போய் எழுதிக் குடுத்து அவையின்ர சீலோட ஒரு கொப்பி வாங்குங்கோ. அந்த மாதங்களுக்கு வட்டி ஏறுமோ, ஏறினால் என்ன கணக்கு, கடைசியில எத்தினை தவணை கூடும், எல்லாம் எழுத்தில கேளுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் லீவு தந்தவை எண்டு சந்தோசமா இருந்தவன், பேந்து புது அட்டவணை வந்தபோதுதான் மொத்தம் எவ்வளவு கூடியிருக்கு எண்டு பாத்தவன். கட்ட ஏலுமெண்டால் வட்டியையாவது கட்டிக்கொண்டு போறது நல்லம்.

கிழமைக்கடன்காரருக்குப் பயப்பிடாதேங்கோ, ஆனா அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக்கடன் எடுக்காதேங்கோ, மீற்றர் வட்டிக்கு (மீற்றர் மாதிரி ஏறிக்கொண்டே போற கந்துவட்டிக்கு) காசு மாறவே வேண்டாம். அதைவிட காப்பு பாங்க் அடைவில கிடக்கிறது எவ்வளவோ மேல். அடைவுக்கடைக்காரரிட்ட வைச்சிருந்தால் பாங்க்குக்கு மாத்தப் பாருங்கோ.

---

கல்வியங்காட்டுப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி, வாசிக்க வாசிக்க அழுகை வந்திட்டுது. கடிதத்தில சைன் வைக்கேல்லை. கூப்பிடாத ஆக்களோட வட்ஸ்அப்பில கதைச்சனான், ரெண்டு பேர் ஏற்கனவே சைன் வைச்சுக் குடுத்திட்டினம், பாவம், குடுத்தால் ஜூலையில கூப்பிடுவம் எண்டு சொன்னவையாம். மிச்ச ஆக்கள் சேந்து கேப்பம் எண்டுகினம், பயமும் இருக்கு, கேட்டால் ஒரேயடியா நிப்பாட்டிப் போடுவினமோ எண்டு. ஈ.பி.எவ்வில இருந்து இப்ப கொஞ்சம் எடுக்க ஏலாதோ?

---

பழைய_யூனியன்காரன்

ஈ.பி.எவ்வில முன்கூட்டி 30 வீதம் எடுக்கிறது வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ தான், அதுக்கும் பத்து வருசம் கட்டி 300,000 ரூபாவுக்குக் குறையாம இருக்க வேணும். உங்களுக்கு ஆறு வருசம், ஏலாது. ஆனா இந்தச் சாட்டோட கடைக்காரர் உங்கட ஈ.பி.எவ் காசை ஒழுங்காக் கட்டியிருக்கினமோ எண்டு பாருங்கோ. ஒவ்வொரு மாதக் காசும் அடுத்த மாதக் கடைசிக்குள்ள கட்ட வேணும், பிந்தினால் 5 வீதத்தில இருந்து 50 வீதம் வரைக்கும் மேலதிகம் அவை கட்ட வேண்டி வரும். சம்பளத்தில 8 வீதம் வெட்டிப்போட்டு கட்டாம வைச்சிருக்கிற இடங்களும் இருக்கு.

முதலாளிக்கு முதல்ல மரியாதையா ஒரு கடிதம் எழுதுங்கோ, எல்லாரும் சேந்து, சண்டைச் சொல் ஒண்டும் இல்லாம: மே மாதம் 14,500, வந்தது 7,000, மிச்சம் தாங்கோ, ஜூனுக்கும் அதே கணக்கு, வேலையைச் சுழற்சியாத் தாங்கோ. ரெஜிஸ்ரர் போஸ்டில போடுங்கோ, துண்டை வைச்சிருங்கோ. பதில் இல்லாட்டில் லேபர் ஒபிஸ். பே சிலிப், பாங்க் புத்தகக் கொப்பி, கணக்குப்பிள்ளை அனுப்பின மெசேஜ், சைன் வைக்காத அந்தக் கடிதத்தின்ர படம் எல்லாம் கொண்டு போங்கோ. சைன் வைச்ச ரெண்டு பிள்ளையளையும் விட்டிட்டுப் போகாதேங்கோ, என்ன சொல்லி வாங்கினவை எண்டதை அவையே தங்கட கையால திகதியோட எழுதி வைக்கட்டும்.

---

அரியாலை_அம்மா

மக்கள், நான் ரெண்டு வீட்டில சமையல், கூட்டித் துடைக்கிற வேலை. மார்ச்சில இருந்து ஒரு வீட்டுக்காரர் வரவேண்டாம் எண்டிட்டினம், மற்ற வீட்டு அம்மா வராட்டிலும் பாதிக் காசு தாறா. இந்த 14,500 எங்களுக்கும் இருக்கோ?

---

பழைய_யூனியன்காரன்

அம்மா, சொல்லக் கஸ்ரமா இருக்கு, வீட்டு வேலைக்கு ஆகக் குறைஞ்ச சம்பளத்தைத் தீர்மானிக்கிற சம்பளச் சபையும் இல்லை, ஈ.பி.எவ்வும் இல்லை, இந்த உடன்பாட்டில கேக்கவும் வழி இல்லை. கல்வியங்காட்டுப்பிள்ளையின்ர அப்பா மாதிரி ஒரு நிரந்தர முதலாளி இல்லாம நாள்கூலிக்குப் போறவைக்கும் இந்த உடன்பாட்டில கேக்கிறது கஸ்ரம்தான். 5,000 உங்களுக்குக் கிடைச்சதோ? கிடைக்கேல்லை எண்டால் ஜீ.எஸ்ஸிட்ட பேர் விடுபட்டிருக்கு எண்டு எழுதிக் குடுங்கோ, அவர் எடுக்காட்டில் ஏ.ஜீ.ஏ ஒபிஸில (பிரதேச செயலகத்தில) குடுங்கோ. எழுத ஆள் இல்லாட்டில் இங்க சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்.