நரம்பு எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் கஞ்சா: பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

அரசமரம் கேட்டது:

வணக்கம். வீட்டில் ரெண்டு பேருக்காகக் கேட்கிறேன்.

ஒருவர் பெரியப்பா, வயது 58. சர்க்கரை நோயால் ரெண்டு பாதத்திலும் எரிச்சல், ராத்திரியானால் ஊசி குத்துகிற வலி. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். அவர் இருக்கிற இடத்தில் மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக் கஞ்சா சட்டப்படி கிடைக்கும். கஞ்சாவில் இருக்கும் போதை தராத பொருளான சிபிடியின் எண்ணெய் ஆரம்பிக்கலாமா, போதை தரும் பொருளான டிஎச்சி சேர்ந்தது நல்லதா என்று கேட்கிறார்.

இன்னொருவன் தம்பி முறை, வயது 19. தூக்கம் வரவேண்டும் என்று தினமும் ராத்திரி புகையிலையோடு கலந்து புகைக்கிறான். "செடிதானே, டாக்டரே மருந்தா எழுதிக் கொடுக்கிறாரே" என்கிறான்.

எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை, எவ்வளவு எடுத்தால் எங்கே கோளாறு வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

முதலில் பெரியப்பா விஷயம். அதில்தான் அவசரம் இருக்கிறது: வார்ஃபரின்.

வார்ஃபரினைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி2சி9 என்ற நொதி. சிபிடி, டிஎச்சி ரெண்டுமே அந்த நொதியின் வேலையை மந்தமாக்கக்கூடியவை. வார்ஃபரின் உடையாமல் ரத்தத்தில் தங்கும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறும். தினமும் எடுக்கும் வார்ஃபரின் அளவு மாறியிருக்காது, ஆனால் ரத்தக்கசிவு ஆபத்து கூடியிருக்கும். அதனால் முதல் சொட்டு நாக்கில் படுவதற்கு முன்பே ஐஎன்ஆர் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அளவைக் கூட்டும்போதெல்லாம் பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது கடைசிக் கட்டத்தை: எண்ணெயை நிறுத்தும்போதும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது ஐஎன்ஆர் இறங்கி ரத்தம் உறையும் ஆபத்து வரும். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீல ரத்தக்கட்டு, கருப்பாக மலம் என்று எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது.

இனி பலன். நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்துகளைப் பரிசோதித்த ஆய்வுகளை 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு தொகுத்தது. வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 100க்கு 21 பேர். வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலி) எடுத்தவர்களில் 17 பேர். அதாவது சுமார் 20 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் அந்த மருந்தால் வந்த நல்ல நிவாரணம். பக்கவிளைவு தாங்காமல் பாதியில் விட்டவர்கள் 100க்கு 10 பேர், வெற்று மருந்தில் 5 பேர். பலன் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சின்னப் பலன். 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை நாள்பட்ட வலிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது என்றது. 2021இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், பொதுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. துறைக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை.

சிபிடி மட்டும் உள்ள எண்ணெய் வலியைக் குறைக்கும் என்பதற்கு இன்னும் பலவீனமான ஆதாரம்தான். வலி ஆய்வுகளில் ஓரளவு வேலை செய்தவை பெரும்பாலும் டிஎச்சி சேர்ந்தவை. ஆனால் டிஎச்சி நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 துடிப்பு வரை கூட்டும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். ஏற்கனவே துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாதத்தில் உணர்வு குறைந்தவர் ராத்திரி தலைசுற்றி விழுந்தால், அதுவும் வார்ஃபரின் எடுக்கும்போது தலையில் அடிபட்டால், வலியைவிடப் பெரிய ஆபத்து அது.

என் கருத்து: முறையான நரம்பு வலி மருந்துகளை முழு அளவில், போதிய காலம் எடுத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். ப்ரீகாபலின் கல்லீரல் நொதிகளைத் தொடுவதில்லை, அதனால் வார்ஃபரினோடு மோதாது. ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு போடுவார்கள். டுலாக்செடின் நல்ல மருந்து, ஆனால் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கொஞ்சம் கூட்டலாம். அமிட்ரிப்டிலினும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. இவை எல்லாம் பலிக்காமல் போன பிறகு, இதய மருத்துவருக்கும் தெரிந்து, கஞ்சா மருந்தை முயன்று பார்ப்பதில் தப்பில்லை. அப்போதும் புகையாக வேண்டாம். வழக்கமாகச் சிபிடியில் தொடங்குவார்கள், டிஎச்சி தேவைப்பட்டால் ராத்திரி மட்டும் 1 முதல் 2.5 மில்லிகிராம், கூட்டுவதென்றால் சில நாள் இடைவெளி விட்டு அதே அளவு படிகளில். 4 முதல் 8 வாரத்தில் வலியிலோ தூக்கத்திலோ தெரிகிற மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

கேட்காததையும் ஒரு வரி சொல்கிறேன், இணையத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடப்பதால். ஆதாரம் உறுதியாக இருக்கும் இடங்கள் குறைவு: கீமோ சிகிச்சையின் வாந்தி, தண்டுவட மரப்பு நோயில் (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்) வரும் தசை இறுக்கம், குழந்தைகளின் சில கடுமையான வலிப்பு வகைகள். டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ வலிப்புக்கு எபிடியோலெக்ஸ் என்ற தூய சிபிடி மருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அங்கே அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி 20 வரை போகும். 20 கிலோ குழந்தைக்கே 100 முதல் 400 மில்லிகிராம். கடையில் விற்கும் புட்டிச் சொட்டில் ஒரு வேளைக்கு 10, 20 மில்லிகிராம்தான் இருக்கும். அந்த வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லி இந்தச் சொட்டை விற்பது நியாயமே இல்லை.

கண் அழுத்த நோய்க்கு நல்லது என்பார்கள். அழுத்தம் குறைவது 3, 4 மணி நேரம்தான், நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் கண் மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. புற்றுநோயைக் குணமாக்கும் என்பது ஆய்வுக்கூடச் செல்களிலும் எலிகளிலும் பார்த்தது, மனிதரில் நிரூபணமாகவில்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே உலை.

அவசரப்பிரிவு:

மேலே சொன்னது சரி. எடுக்கும் வழியால் என்ன கெடும் என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏன்னா ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பெரும்பாலும் அங்கதான் மாட்டுறாங்க.

புகைச்சா சில நிமிஷத்துல ஏறும், 2 முதல் 4 மணி நேரத்துல பெரும்பாலும் இறங்கிடும். சாப்பிட்டா கதையே வேற. 30 நிமிஷத்துலருந்து 2 மணி நேரம் வரை ஒண்ணுமே தெரியாது. உச்சம் 2 முதல் 4 மணி நேரத்துல வரும், மொத்தம் 8 மணி நேரத்துக்கு மேலயும் இழுக்கும். கல்லீரல் டிஎச்சியை 11-ஹைட்ராக்சி டிஎச்சியா மாத்துது, அது மூளைக்குள்ள சுலபமாப் போகும், வேகமும் ஜாஸ்தி. நடக்குற தப்பு இதுதான்: முக்கால் மணி நேரமாச்சு, ஒண்ணும் பண்ணலையேன்னு இன்னொரு துண்டு சாப்பிடுவாங்க. ரெண்டும் ஒண்ணா உச்சத்துக்கு வரும். பயம், படபடப்பு, வாந்தி, செத்துடுவோமோன்னு ஒரு நினைப்பு. முதல் தடவை சாப்பிடுறவங்க 2.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அன்னைக்கு ரெண்டாவது தடவை வேண்டவே வேண்டாம். கொழுப்புச் சாப்பாட்டோட எடுத்தா உடம்புல ஏறுற அளவு மாறும். சிபிடி விஷயத்துல அது 4 மடங்கு வரை கூடும். அதனால வெறும் வயித்துல ஒருநாள், விருந்துக்கு அப்புறம் ஒருநாள்னு மாத்தி மாத்தி எடுக்காதீங்க.

அளவு மீறிட்டா: வெளிச்சம் கம்மியான அறை, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கூட ஒருத்தர் இருக்கணும். நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, எழுப்பினா எழாத நிலை, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. சின்னக் குழந்தை மிட்டாய்னு நினைச்சுத் தின்னுட்டா அறிகுறிக்காகக் காத்திருக்காதீங்க, குழந்தைகளுக்கு மூச்சே மந்தமாகும். பூட்டி வைக்கிறது ஒண்ணுதான் வழி.

நாள்கணக்கா விடாத வாந்தி, சுடுதண்ணில குளிச்சா மட்டும் அடங்குது, பல மாசமா தினமும் புகைக்கிறவர். இந்த மூணும் சேர்ந்தா கஞ்சா வாந்தி நோயைச் சந்தேகிக்கணும். 2004ல ஆஸ்திரேலியாவுல இதை முதல்ல விவரிச்சாங்க. வழக்கமான வாந்தி மருந்து ஆண்டான்செட்ரான் இதுக்குப் பல நேரம் கேக்காது. வயித்து மேல கேப்சைசின் களிம்பு, ஹாலோபெரிடால், நரம்பு வழியா உப்புநீர்னு கொடுப்போம். நீர்ச்சத்து வத்தி சிறுநீரகம் அடிபடுறதுதான் இதுல பயம். முழுசா நிறுத்துறது மட்டும்தான் தீர்வு. வாந்திக்கு நல்லதுன்னு இன்னும் கொஞ்சம் புகைக்கிறாங்க பாருங்க, அதுதான் அவங்களை மறுபடி மறுபடி வரவைக்குது.

ஆவியா இழுக்குற கருவி பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. 2019லயும் 2020 ஆரம்பத்துலயும் அமெரிக்காவுல அப்படி இழுத்து நுரையீரல் பாதிச்சு 2,800 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, 68 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் டிஎச்சி எண்ணெய்ல கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம். செயற்கைக் கஞ்சாங்கிற பேர்ல வர்ற பொடியும் இலையும் கஞ்சாவே இல்ல. மூளையில டிஎச்சி போய் ஒட்டுற ஏற்பியை அது ஓரளவுக்குத்தான் தூண்டும், அதுங்க முழு அளவுக்குத் தூண்டும். வலிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் வரை போகும்.

மனநலப்பக்கம்:

தம்பி விஷயம் பற்றி. அவன் சொல்வதை ஒரேயடியாக மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தூக்கம் சீக்கிரம் வருகிறது என்பது உண்மை. அடுத்து என்ன நடக்கிறது என்பதைத்தான் அவனுக்கு விளக்க வேண்டும்.

டிஎச்சி கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். சில வாரத்தில் உடம்பு பழகிவிடும், அதே தூக்கத்துக்கு அளவு கூடும். ஒருநாள் விட்டால் அடக்கி வைத்த கனவுத் தூக்கம் பீறிட்டு வரும்: பயங்கரக் கனவு, வியர்வை, பாதி ராத்திரியில் விழிப்பு. "பார்த்தியா, அது இல்லாம தூக்கம் வரலை" என்பான். அது அவனுடைய பழைய தூக்கமின்மை அல்ல, விலகல் அறிகுறி. 1, 2 நாளில் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சம், பெரும்பாலும் 2, 3 வாரத்தில் அடங்கும். எரிச்சல், பசியின்மை, மனச்சோர்வும் கூட வரும்.

புகையிலையோடு கலப்பதால் நிகோட்டின் விலகலும் இதோடு சேரும். கஞ்சாவை மட்டும் விட்டுச் சிகரெட்டுக்குத் தாவுகிறவர்கள் நிறைய. ரெண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 15 சதவீத டிஎச்சி உள்ள பூவில் 0.3 கிராம் என்றால் 45 மில்லிகிராம் டிஎச்சி. புகையில் 10 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும், அதாவது சுமார் 5 முதல் 16 மில்லிகிராம். பெரியப்பாவுக்கு மேலே சொன்ன தொடக்க அளவு 1 முதல் 2.5. "டாக்டர் எழுதித் தர்றாரே" என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டிஎச்சி 1995இல் சுமார் 4 சதவீதம், 2021இல் சுமார் 15. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து இன்றைய சரக்கை எடைபோட முடியாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது அவன் வயதும் "தினமும்" என்ற சொல்லும். மூளை 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. பயன்படுத்துகிறவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள் என்பது பழைய கணக்கு. பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த, 2019இல் வெளியான ஆய்வில், 10 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி உள்ளதைத் தினமும் எடுத்தவர்களுக்கு மனப்பிறழ்வு (நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை) வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் கஞ்சாவைத் தொடவே கூடாது. யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற சந்தேகம், ஆள் இல்லாமல் குரல் கேட்பது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது தெரிந்தால் அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நிறுத்துவதற்கு: தினமும் என்றால் படிப்படியாகக் குறைப்பது எளிது. ஒரு வாரம் அளவைப் பாதியாக்கி, அடுத்த வாரம் அதிலும் பாதி. காலையில் எழும் நேரத்தை மாற்றவே கூடாது, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் சரி. மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். தூக்கம் வராவிட்டால் 20 நிமிடத்தில் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை இதைத்தான் முறையாகச் செய்கிறது, மாத்திரையைவிட நீடித்த பலன் அதில் உண்டு. கஞ்சா அடிமைத்தனத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது, அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

அரசமரம்:

மூவருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். பெரியப்பா இணையத்தில் ஒரு சிபிடி புட்டியை ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:

திறக்காமலேயே இருக்கட்டும். 2017இல் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைப் பரிசோதித்தார்கள். லேபிளில் எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது சுமார் 31 சதவீதத்தில்தான். 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. வார்ஃபரின் எடுப்பவருக்கு அளவு தெரியாத எண்ணெய் கூடவே கூடாது. பின்னால் மருத்துவர் சம்மதித்தால் மருந்துக்கடையில் சீட்டோடு கிடைப்பதையே வாங்குங்கள். மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் சிபிடி, எத்தனை டிஎச்சி என்று தனித்தனியாக இருக்க வேண்டும், தொகுதி எண்ணும் பரிசோதனைச் சான்றும் இருக்க வேண்டும். மில்லிகிராம் போடாமல் "சொட்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறுவைக்கு முன் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். வார்ஃபரினை நிறுத்துவதா, எப்போது மறுபடி தொடங்குவது என்று அந்த வாரத்தில் ஐஎன்ஆரைத்தான் நம்பி முடிவு செய்வார்கள், அதைக் குழப்பக் கூடாது.

அவசரப்பிரிவு:

தம்பிக்கும் இது பொருந்தும், அதனால சொல்றேன். எந்த அறுவையா இருந்தாலும் மயக்க மருத்துவர்கிட்ட கஞ்சா பத்தி மறைக்காமச் சொல்லணும்: எந்த வடிவம், எவ்வளவு, கடைசியா எப்போ. தினமும் எடுக்குறவங்களுக்கு மயக்க மருந்து அதிகமாத் தேவைப்படலாம், அறுவைக்கு அப்புறம் வலியும் ஜாஸ்தி இருக்கும். புகைச்ச 2 மணி நேரத்துக்குள்ள மயக்கம் கொடுத்தா மாரடைப்பு ஆபத்து கூடும், அவசரமில்லாத அறுவைன்னா தள்ளி வைப்பாங்க. போலீசுக்குச் சொல்ல யாரும் இதைக் கேக்குறதில்ல, மருந்தைச் சரியா அளக்கத்தான் கேக்குறாங்க. பெரியப்பா எடுக்குற எல்லா மாத்திரையையும் ஒரு தாள்ல எழுதி, கடைசி ரெண்டு ஐஎன்ஆர் அளவோட மயக்க மருத்துவர்கிட்டயும் இதய மருத்துவர்கிட்டயும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துடுங்க.