கைக்குழந்தையுடன் விமான நிலைய லவுஞ்ச்: நான்கரை மணி நேரக் காத்திருப்புக்குப் பயன்படுமா?

கேள்வி (இரு குழந்தைகளின் தாய்):

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நான், என் கணவர், ஐந்து வயது மகள், ஒரு வயது பதினொரு மாதம் நிறைந்த மகன் ஆகிய நால்வரும் இடையில் விமானம் மாற வேண்டிய ஒரு நீண்ட பயணம் செல்கிறோம். மாறும் நிலையத்தில் நான்கரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவும் நள்ளிரவுக்குப் பிறகு. கணவரின் கிரெடிட் கார்டுடன், லவுஞ்ச் எனப்படும் விமான நிலைய ஓய்வுக்கூடங்களுக்குள் நுழைய உதவும் பிரயாரிட்டி பாஸ் உறுப்பினர் வசதியும் வந்திருக்கிறது. அலுவலகப் பயணங்களில் அவர் அதைத் தனியாகப் பயன்படுத்தியிருக்கிறார். "லவுஞ்சுக்குள் போய்விட்டால் நிம்மதி" என்கிறார். ஆனால் அது மடிக்கணினியோடு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தவரின் நிம்மதி என்பதால், அதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

குழந்தைகளையும் தலைக்கணக்கில் சேர்ப்பார்களா, மகனுக்குப் புட்டிப்பால் கலக்க அங்கே வசதி இருக்குமா, ஓய்வெடுக்க வந்த மற்றவர்களுக்கு நாங்கள் தொல்லையாகிவிடுவோமா என்பவைதான் என் ஐயங்கள். சிறு குழந்தைகளோடு போய்வந்தவர்கள் உள்ளபடி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (அடிக்கடி குடும்பத்தோடு பறப்பவர்):

வணக்கம் சகோதரி. முதலில் தலைக்கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்றபடி அதைப் பேசுவது, தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தை இடுப்பில் இருக்கும்போது மிகவும் கடினம். பிரயாரிட்டி பாஸ், லவுஞ்ச்கீ, டிராகன்பாஸ் போன்ற திட்டங்கள் பெரும்பாலும் லவுஞ்சுகளைத் தாமே நடத்துவதில்லை. வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தும் இடங்களுக்கு நுழைவுரிமையை மட்டும் வாங்கித் தருகின்றன. ஆகவே குழந்தைகளுக்கான வயது வரம்பை அந்தந்த லவுஞ்சே வகுக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பல இடங்களில் கட்டணம் இல்லை. அதற்கு மேற்பட்ட குழந்தை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரு முழு விருந்தினராகவே கணக்கிடப்படும். அப்படியானால் உங்கள் குடும்பத்தில் கணவர் உறுப்பினர், நீங்களும் மகளும் இரு விருந்தினர்கள், மகனுக்குக் கணக்கில்லை. விருந்தினருக்கான தொகை உங்கள் கார்டின் சலுகைக்குள் அடங்குகிறதா, அல்லது பிறகு கார்டில் தனியாகப் பற்று வைக்கப்படுமா என்பதை வங்கியிடம் கேட்டுவிடுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான்: வாசலில் பணம் கேட்கவில்லை என்பதால் இலவசம் என்று நினைத்துக்கொள்வார்கள்; அடுத்த மாத அறிக்கையில்தான் உண்மை தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகனுக்கு இரண்டு வயது நிறைவது பயணத்தின் நடுவிலா? அப்படியானால் திரும்பும்போது இந்தக் கணக்கு மாறும். லவுஞ்சை விடுங்கள், விமானச் சீட்டே மாறும். இரண்டு வயது நிறைந்த பிறகு வரும் பயணப் பகுதிக்குத் தனி இருக்கை வேண்டும் என்பதுதான் விமான நிறுவனங்களின் பொதுவான விதி. வயதுக்குச் சான்றாக அவனுடைய பாஸ்போர்ட்டைக் கைக்கெட்டும் பையில் வைத்திருங்கள்.

வேறு யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு குறிப்பு: விமான நிறுவனக் கூட்டணிகளின் உறுப்பினர் தகுதியை வைத்து உள்ளே போவோருக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் கோல்டு எனும் உயர்நிலைத் தகுதியுள்ளவர் பொதுவிதிப்படி ஒரே ஒரு விருந்தினரைத்தான் அழைத்துச் செல்லலாம். பெற்றோர் இருவரும் வளர்ந்த இரு குழந்தைகளும் சேர்ந்து போகும் குடும்பத்தில் ஒருவர் மட்டும் கோல்டு என்றால் பாதிக் குடும்பம் வெளியே நிற்க வேண்டியதுதான். பிசினஸ் வகுப்புச் சீட்டில் போகிறவருக்கோ, அந்தச் சீட்டின் பெயரால் விருந்தினரை அழைத்துச் செல்லும் உரிமையே கிடையாது.

பதில் 2 (முன்பு ஒரு லவுஞ்சின் வரவேற்பில் பணிபுரிந்தவர்):

வணக்கம் அம்மா. நான் சில ஆண்டுகள் வாசல் மேசையின் அந்தப் பக்கத்தில் நின்றவன் என்பதால், அங்கிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

நேர வரம்பை நீங்கள் குறிப்பிடவில்லை. பெரும்பாலான லவுஞ்சுகளில் ஒரு முறை நுழைந்தால் மூன்று மணி நேரம் வரைதான் இருக்கலாம். உங்கள் காத்திருப்பு நான்கரை மணி நேரம். விமானத்திலிருந்து இறங்கிய வேகத்தில் நேரே உள்ளே போனால், குழந்தைகள் ஆழ்ந்து உறங்கும் வேளையில் உங்களை எழுப்பி வெளியேறச் சொல்லும் நிலை வரும். அல்லது இன்னொரு முறைக்கான நுழைவைக் கழிப்பார்கள். நள்ளிரவு என்பதால், அந்த நேரத்தில் லவுஞ்ச் திறந்திருக்குமா என்றும் பாருங்கள், ஏனெனில் எல்லாமே இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவதில்லை. கூட்டம் நிறைந்துவிட்டால் கார்டு வழியாக வருபவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். அந்த லவுஞ்சைப் பயன்படுத்தும் விமான நிறுவனத்தின் உயர் வகுப்புப் பயணிகளுக்கே முன்னுரிமை. அப்படி நிறுத்தும்போது குழந்தையைக் கண்டு எனக்கு மனம் இளகியதுண்டு, ஆனால் இருக்கை இல்லாத இடத்தில் இளகிய மனத்தால் என்ன செய்ய முடியும்?

தொல்லையாகிவிடுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தையின் அழுகைக்காக யாரேனும் எங்களிடம் புகார் சொன்னது மிகவும் குறைவு. புகார் வந்ததெல்லாம் பெரும்பாலும் இயர்ஃபோன் இல்லாமல் ஓடிய கார்ட்டூன் ஒலிக்கும், உணவு மேசைக்கும் காபி இயந்திரத்துக்கும் இடையே ஓடித்திரிந்த பிள்ளைகளுக்கும்தான். இதில் இரண்டாவது, தொல்லை என்பதைவிட ஆபத்து. லவுஞ்சில் சூப்பும் காபியும் தாமே எடுத்துக்கொள்ளும் முறை. கையில் நிறைந்த கோப்பையோடு, கண் தொலைபேசியில் இருக்க நடப்பவர்கள் ஏராளம். அந்தக் கோப்பை நிற்கும் உயரம் உங்கள் மகனின் தலைக்குச் சற்று மேலே. ஆகவே உணவு மேசையிலிருந்து தள்ளி, சுவரோரம் இருக்கும் இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். உணவு எடுக்க ஒருவர் மட்டும் போய்வாருங்கள். குடும்ப அறை உண்டா என்று உள்ளே நுழையும்போதே கேளுங்கள். சில லவுஞ்சுகளில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அப்படி ஓர் அறை இருக்கும். கேட்காதவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

லவுஞ்ச் என்ற அமைப்பே குழந்தைகளை நினைத்து உருவானதல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப், முக்கியப் புள்ளிகளை அழைத்து உபசரிப்பதற்கான இடமாகத்தான் இருந்தது. அதன் வழிவந்த இடங்களில் இன்றும் கழிப்பறைக்குள் டயப்பர் மாற்றும் பலகை இல்லாததைக் கண்டு வியக்க வேண்டாம். எங்கள் லவுஞ்சிலேயே அது கிடையாது; தாய்மார்களை வெளியே பொதுக் கழிப்பறைக்குத்தான் அனுப்புவோம். மீண்டும் உள்ளே வரலாமா என்பதை முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பதில் 3 (ஒரு தந்தை):

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மூன்று வயது மகனோடு ஒரு லவுஞ்சில் இரண்டு மணி நேரம் இருந்தேன். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் "ஓடாதே, தொடாதே, மெதுவாகப் பேசு" என்பதிலேயே கழிந்தது. அடுத்த விமானத்தில் ஏறியவுடன், அடக்கி வைத்திருந்த ஓட்டம் முழுவதையும் அவன் இருக்கையில் காட்டினான். முன்னால் அமர்ந்திருந்தவரின் முதுகு அறியும். பல மணி நேரம் உட்கார்ந்து வந்த குழந்தைக்கு வேண்டியது மெத்தை நாற்காலி அல்ல, ஓட இடம். பெரிய மாறுநிலையங்கள் பலவற்றில் விளையாட்டுப் பகுதிகள் கட்டணமின்றி இருக்கின்றன. தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் குழந்தைகள் ஏறி விளையாடும் சிற்பங்களே உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டவும் உறங்கவைக்கவும் தனிக் கூடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் நிலையத்தின் வரைபடத்தை முதலில் பாருங்கள். லவுஞ்சைப் பிறகு பார்க்கலாம்.

பதில் 4 (இரட்டைக் குழந்தைகளின் தாய்):

மேலே எழுதிய தந்தை சொல்வது பகலுக்கு முற்றிலும் பொருந்தும். பின்னிரவு இரண்டு மணிக்கு ஓட விரும்பும் குழந்தையும் உண்டு, தரையிலேயே சுருண்டுவிடும் குழந்தையும் உண்டு. உங்கள் பிள்ளைகள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். பால் பற்றி யாரும் எழுதாததால் அதை மட்டும் சொல்கிறேன்.

பவுடர் பாலைக் குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. பவுடர் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல என்பதே காரணம். கலந்த பாலைக் குளிர்பதனத்தில் வைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது மிக முக்கியம். உங்கள் மகன் வளர்ந்துவிட்டான் என்றாலும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கை நான் தளர்த்த மாட்டேன். காபி இயந்திரத்தில் வரும் வெந்நீரின் வெப்பம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடும். அதன் குழாயில் காபியின் மிச்சமும் ஒட்டியிருக்கும். ஆகவே ஊழியரிடம் கேட்டு, கொதிக்கவைத்த நீரை ஃபிளாஸ்க்கில் வாங்கிக்கொள்வதே என் பழக்கம். யாரும் மறுத்ததில்லை. பவுடரை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து சிறு டப்பிகளில் எடுத்துப் போங்கள்.

நூறு மில்லி லிட்டர் திரவக் கட்டுப்பாட்டிலிருந்து குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் பல நாடுகள் விலக்கு அளிக்கின்றன; எனினும் சோதனையில் அவற்றைத் தனியாக எடுத்துக் காட்டச் சொல்வார்கள். சில நிலையங்களில் கேட் வாசலில் மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால், லவுஞ்சில் நிரப்பிய பெரியவர்களின் தண்ணீர்ப் புட்டி அங்கே பறிபோகலாம்.

லவுஞ்சில் வயிறு நிறையப் பால் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நான் முதல் பயணத்தில் செய்த தவறு அது. விமானம் ஏறி இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் மாறும். உறிஞ்சி விழுங்கினால் அது சமனாகும். வயிறு நிறைந்த குழந்தை அப்போது புட்டியைத் தொடாது. இரண்டு பேரும் ஒரே சுருதியில் அழுதார்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனுக்கு இரண்டு வயது நிறையும் நாள் உண்மையில் பயணத்தின் நடுவில்தான் வருகிறது. திரும்பும் பகுதிக்குத் தனி இருக்கை வாங்கியிருக்கிறோம், ஆனால் லவுஞ்ச் கணக்கும் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போகும்போது, இறங்கியதும் முதல் ஒன்றரை மணி நேரம் விளையாட்டுப் பகுதியில் ஓடவிட்டு, பிறகு லவுஞ்சுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். திரும்பும்போது காத்திருப்பு ஒன்றேகால் மணி நேரம்தான் என்பதால் லவுஞ்ச் பக்கமே போகப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: குளியலறை இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள், குழந்தைகளையும் அங்கே குளிப்பாட்டலாமா?

பதில் 2 (முன்பு ஒரு லவுஞ்சின் வரவேற்பில் பணிபுரிந்தவர்):

தாராளமாகக் குளிப்பாட்டலாம். உள்ளே நுழைந்தவுடன், இருக்கை தேடுவதற்கு முன்பே, வரவேற்பில் பெயரைப் பதிந்துவிடுங்கள். இரண்டு மூன்று அறைகள்தான் இருக்கும், முறை வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். துண்டு பெரும்பாலும் தருவார்கள், குழந்தைக்கான சோப்பு கிடைக்காது. இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் அழைத்துச் சென்றால், கணவர் பைகளோடு விமானத் தகவல் திரை தெரியும் இடத்தில் உட்காரட்டும். பல லவுஞ்சுகளில் விமானம் ஏற அழைக்கும் அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. கேட் எவ்வளவு தொலைவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், தூங்கும் இரு குழந்தைகளைச் சுமந்து நடக்கும் பத்து நிமிடத் தூரம் இருபது நிமிடமாகும்.