2.5 மி.கி. என்றால் சிரிஞ்சில் எந்தக் கோடு?

கேள்வி: கடைக்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அம்மாவுக்கு 68 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. ராத்திரி 12 யூனிட் இன்சுலின், நான்தான் போட்டுவிடுகிறேன். போன வாரம் டாக்டர் புதிதாக டிர்செபடைடு என்ற சர்க்கரை மருந்தை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு ஊசி, முதல் 4 வாரம் 2.5 மி.கி. மருந்து உள்ளேயே இருக்கும் ஊசிப் பேனா என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தால், விரல் நுனி அளவில் 4 கண்ணாடிக் குப்பிகள். லேபிளில் "2.5 மி.கி./0.5 மி.லி." என்று போட்டிருக்கிறது. சிரிஞ்ச் கூட வரவில்லை.

வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கிறது, அதிலேயே போடலாம் என்று நினைத்தேன். இதே மருந்து போடும் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டதற்கு, "50 யூனிட் கோடு வரை இழு" என்றார். எங்கள் சிரிஞ்சில் 40-க்கு மேல் கோடே இல்லை! அம்மா வேறு, "12 போட்டாலே சில நாள் படபடன்னு வருது, 50-ஆ?" என்று பயந்துவிட்டார். 40 வரை இழுத்துப் போட்டுவிட்டு மீதி 10-ஐ இன்னொரு குப்பியிலிருந்து எடுக்க வேண்டுமா? அல்லது 2.5 என்பதற்கு இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவிலா? டாக்டரின் கிளினிக் நாளைக்குத்தான் திறக்கும்.

பதில்: பழைய செவிலி

தம்பி, இரண்டாவது குப்பியை மட்டும் உடைத்துவிடாதீர்கள். போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். 30 வருடம் வார்டில் இருந்தவள் நான். ஊசியில் நடக்கும் தவறுகளில் நான் அதிகம் பார்த்தது இந்த அளவுக் குழப்பத்தைத்தான்.

உங்கள் கையில் இருப்பது யூ-40 சிரிஞ்ச். மூடி சிவப்பாக இருக்கும், பாருங்கள். 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்காகக் கோடு போட்டது அது. உங்களுக்குச் சொன்னவர் வைத்திருப்பது யூ-100, வழக்கமாக ஆரஞ்சு மூடி. அதில் 1 மி.லி.யை 100 கோடாகப் பிரித்திருப்பார்கள். அதனால் அவருடைய 50 என்பது 0.5 மி.லி. அவர் சொன்னது அவருடைய சிரிஞ்சுக்குச் சரி. அதே 0.5 மி.லி. உங்கள் சிரிஞ்சில் 20-வது கோட்டில் நிற்கும். நீங்கள் 40-ம் 10-ம் சேர்த்துப் போட்டிருந்தால் 1.25 மி.லி. ஆகியிருக்கும். மருந்துக் கணக்கில் 6.25 மி.கி., அதாவது இரண்டரை மடங்கு. அதற்கு மூன்று குப்பி தேவைப்பட்டிருக்கும். ஒரு தடவைக்கு ஒரு குப்பிக்கு மேல் கேட்கிறது என்றாலே கணக்கு எங்கோ தப்பு.

அம்மாவின் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூனிட் என்பது இன்சுலினின் வீரியத்தைச் சொல்லும் அளவு. டிர்செபடைடுக்கு யூனிட்டே கிடையாது, மி.கி.தான். இன்சுலின் சிரிஞ்சில் இதை எடுக்கும்போது அந்த 50 எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். அம்மா தினமும் போடும் 12 யூனிட் 0.3 மி.லி. இது 0.5 மி.லி. அவ்வளவுதான் வித்தியாசம். 50 யூனிட் இன்சுலின் உள்ளே போகிறது என்று அவர் நினைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு சரிதான். ஆனால் ஒரே டப்பாவில் இரண்டு மருந்துக்கும் ஒரே சிரிஞ்ச் இருந்தால், தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் 20 யூனிட் இன்சுலின் ஏறிவிடும். மருந்துக் கடையில் மி.லி. கோடு போட்ட 1 மி.லி. சிரிஞ்ச் கேளுங்கள். அதில் 0.5 என்றே எழுதியிருக்கும், குப்பியிலும் 0.5. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மனக்கணக்குக்கு வேலையே இல்லை.

எடுக்கும் விதம்: கையைக் கழுவிவிட்டுக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருக்கலாம். கலங்கலோ துகளோ இருந்தால் வேண்டாம். குலுக்கக் கூடாது. பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். சிரிஞ்சில் 0.5 வரை காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளுங்கள், அப்போதுதான் மருந்து சுலபமாக வரும். அப்புறம் குப்பியைத் தலைகீழாக்கி, ஊசி முனை மருந்துக்குள் முங்கியிருக்கும்படி மெதுவாக இழுங்கள். குமிழி வந்தால் சிரிஞ்சை விரலால் சுண்டினால் மேலே ஏறும். அதைக் குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு மறுபடி 0.5-க்குக் கொண்டுவாருங்கள்.

கோட்டைப் படிப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பருக்கு இரண்டு விளிம்பு உண்டு. மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. கீழ் விளிம்பைப் பார்த்தால் குறைவாகத்தான் ஏறும். சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள்.

வயிற்றில் போட்டால் தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி. தொடையிலும் போடலாம். நீங்கள் போட்டுவிடுவதால் மேல்கையின் பின்பக்கமும் சரி. வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது. இரண்டையும் வயிற்றிலேயே போடலாம், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம்.

நாளைக்கு டாக்டரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "இன்சுலினைக் குறைக்கணுமா?" இந்த மருந்து தனியாக இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ கூட இருந்தால் இறங்கலாம். 12-லேயே படபடப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே சொல்லுங்கள். படபடப்பு வரும்போது சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பதில்: நடைப்பயணி

செவிலி அக்கா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் போடுவது செமாகுளூடைடு, இதே போன்ற இன்னொரு ஊசி மருந்து, பல தடவை எடுக்கும் குப்பி. முதல் குப்பியில் 1 மி.லி.க்கு 2.5 மி.கி. என் அளவு 0.5 மி.கி., அதனால் யூ-100 சிரிஞ்சில் 20 வரை. "இருபது, இருபது" என்று மனதில் பதிந்துவிட்டது. அடுத்த தடவை கடையில் கொடுத்த குப்பியில் 1 மி.லி.க்கு 5 மி.கி. இருந்திருக்கிறது. குப்பி அதே உயரம், அதே நிற மூடி. யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. வழக்கம்போல 20 வரை இழுத்தேன். 1 மி.கி. போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து வாந்தி. தண்ணீர் குடித்தாலும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் சலைன் ஏற்றினார்கள். டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், உடனே வெளியேற்ற வழியில்லை, உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜூலையில் இதைப் பற்றியே எச்சரித்திருந்ததை அப்புறம்தான் படித்தேன். குப்பியிலிருந்து தாங்களே எடுத்துப் போட்ட சிலர் 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். புதுக் குப்பி வந்ததும் லேபிளில் இருக்கும் மி.கி./மி.லி.யை அதில் எழுதுவேன். என் மி.கி.யை அதால் வகுத்தால் எத்தனை மி.லி. என்று வரும். மனைவி தனியாகப் போட்டுப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால்தான் மூடியைத் திறப்போம்.

பதில்: பேனா வாசகர்

பேனா வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பேனாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்காதீர்கள், கிளிக் எண்ணிப் பிரிக்காதீர்கள். செமாகுளூடைடு பேனாவில் புதுசுக்கு முதல் தடவை மட்டும் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். போட்ட பிறகு எண் 0-க்கு வந்ததும் 6 வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். நான் முதல் மாதம் உடனே உருவிவிடுவேன், தோல் மேல் ஈரம் நிற்கும். அது மருந்து என்று தெரியாமலே துடைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி கேட்டவர்: கடைக்குட்டி

அக்காவுக்கும் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டரைப் பார்த்தோம். படபடப்பைச் சொன்னதும் இன்சுலினை 8 யூனிட்டாகக் குறைத்தார், ஒரு வாரம் காலையும் ராத்திரியும் சர்க்கரை பார்த்து எழுதச் சொன்னார். மி.லி. சிரிஞ்ச் வாங்கிவிட்டேன், தனி டப்பாவில். அம்மாவையே கண்ணாடி போட்டுக்கொண்டு 0.5 கோட்டைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் போட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். 0.5 எடுத்த பிறகும் குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. அளவு குறைந்துவிட்டதா? நாலு குப்பியின் மிச்சத்தையும் சேர்த்தால் ஒரு ஊசிக்கு வருமா?

பதில்: பழைய செவிலி

குறையவில்லை தம்பி. முழு 0.5 மி.லி. சிரமமில்லாமல் வர வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே அடைத்திருப்பார்கள். சேர்த்து வைக்க வேண்டாம். ஒரு தடவைக்கான குப்பி அது, கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் இல்லை. மிச்சத்தோடு தூக்கிப் போடுங்கள். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில். மீதி மூன்று குப்பியும் 2-லிருந்து 8 டிகிரிக்குள், உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் பிறகு இளகினாலும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்த ஞாயிறு ஏதாவது காரணத்தால் தவறிப்போனால் 4 நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு ஒன்று மட்டும். சர்க்கரை எழுதும் நோட்டில் ஊசி போட்ட தேதியையும் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.