மாநாட்டில ஆருக்கு மைக்? வன்னி ஆக்களின்ர அனுபவங்கள்

ஒட்டுசுட்டான் மூலக்கிளை:
கட்சிப் பேர் சொல்லேல்லை, சொன்னால் இதுக்குள்ளயே சண்டை தொடங்கீடும். வவுனியாவில எங்கட தேசிய மாநாடு நடந்தபோது பேச்சாளர் தெரிவுக் குழுவில நானும் இருந்தன். ஆர் நல்லாப் பேசுவினம் எண்ட கேள்வி அந்தக் கூட்டங்களில வரவே இல்லை. முதல்ல தலைவர், செயலாளர். பிறகு மாவட்டத்துக்கு ஒராள். பிறகு கோவிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள். 'வாழ்த்துரை' எண்ட ஒண்டை அவைக்காகத்தான் கண்டுபிடிச்சிருக்கினம் போல. அழைப்பிதழில ஆற்ற பேர் மேல, ஆற்ற பேர் கீழ எண்டதிலயே ஒரு பின்னேரம் போச்சு. அச்சகத்துப் பெடியன் கோல் எடுத்தபடி. கடைசியில அகரவரிசை எண்டு முடிவாச்சு. அதுக்கும் ஒருத்தர், தன்ர பேருக்கு முன்னால 'கலாநிதி' போட்டால் 'க'வில வருமோ எண்டு கேட்டார்.

முத்தையன்கட்டுப் பக்கத்துக் கமக்காரர் ஒருத்தரின்ர பேரை நான் குடுத்தனான். யானை, நெல்லு விலை, காணி எண்டு தாள் இல்லாமல் கதைக்கக்கூடிய மனிசன். ஒரு பெரியவர் சொன்னார்: "அவர் நல்லாக் கதைப்பார் தம்பி, ஆனா என்ன கதைப்பார் எண்டு தெரியாதே." அதோட விசயம் முடிஞ்சுது. அவருக்கு நன்றியுரை குடுத்தவை. உங்கட பக்கம் எப்பிடி? அனுபவம் இருந்தால் எழுதுங்கோ.

பரந்தன் சந்தி:
கிளிநொச்சிக்கு இதில தனிக் கரைச்சல். நிர்வாகத்துக்கு நாங்கள் தனி மாவட்டம், வாக்குக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும், ஆறு ஆசனம். 'தேர்தல் மாவட்டத்துக்கு ஒராள்' எண்டு பட்டியல் போட்டால் யாழ்ப்பாணத்து ஆள்தான் எங்களுக்கும் சேர்த்துப் பேசுவார். வன்னிப் பட்டியலிலயும் இடமில்லை, அங்கயும் இடமில்லை. கதிரை ஏத்த, பந்தல் போட ஆக்கள் வேணும் எண்டால் மட்டும் நாங்கள் வன்னி.

2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்ட தங்கட பிள்ளையளைக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்த தாய்மாரில ஒராளைப் பேச விடுவம் எண்டு எங்கட கிளை எழுதிக் கேட்டது. "அதை அரசியலாக்க வேண்டாம்" எண்டு பதில் வந்தது. கட்சி மாநாட்டில!

ஒட்டுசுட்டான் மூலக்கிளை:
அதில ஒண்டு சொல்லவேணும். எங்களுக்குத் தெரிஞ்ச தாய் ஒராளை நான் நேரிலயே கேட்டனான். "கட்சி மேடையில ஏறினால் நாளைக்கு எங்களை ஒரு பக்கத்து ஆக்கள் எண்டுவினம், வேண்டாம்" எண்டிட்டா. அவ சொன்னது நியாயம்தான். ஆனா அதை அவ சொல்லவேணும், குழு சொல்லக்கூடாது.

நெடுங்கேணி மகளிர் அணி:
உள்ளூராட்சிச் சபைகளில பெண்களுக்கு 25 வீதம் எண்டு சட்டம் வந்து, 2018 தேர்தலில பிரதேச சபைக்குப் போனவள் நான். மாநாட்டில எனக்குக் கிடைச்சது ஒரு தீர்மானத்தை வழிமொழியிற வேலை. நாலாய் மடிச்ச தாள் ஒண்டைக் கையில வைச்சிட்டுப் போனார் ஒருத்தர். விரிச்சுப் பாத்தால் ஒரேயொரு வசனம். நான் அதை வாசிச்சிட்டு, வரட்சிக்கு எங்கட ஊருக்குப் பவுசரில வாற தண்ணியைப் பற்றி ரெண்டு வசனம் கூடச் சொன்னன். முன்வரிசையில இருந்த ஒருத்தர் மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். பேந்து அவர் எழும்பி முக்கால் மணித்தியாலம் பேசினவர். மங்கள விளக்கேத்த மட்டும் பெண்கள் பேர் வரிசையாய் இருந்தது, அதையும் சொல்லத்தானே வேணும்.

சவுண்ட் சேர்விஸ், வவுனியா:
எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டுறன், அதால நடுநிலை. நல்லாப் பேசிற ஆளைக் கடைசியில போடுவினம், சனம் எழும்பாமல் இருக்கட்டும் எண்டு. ஆனா மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இருந்து பிடிச்ச பஸ்காரர் நாலரைக்கே ஹோர்ன் அடிக்கத் தொடங்கீடுவினம். சனத்துக்கு வீட்டில மாடு நிக்குது, பிள்ளையள் நிக்குது. வாழ்த்துரையளைக் கேட்டிட்டு, பேச்சைக் கேக்காமல் போகுங்கள்.

கனடாவில இருந்து ஒருவன்:
இஞ்சால அமெரிக்க மாநாடுகளை ரீவியில பாக்கிறனான். 2004 பொஸ்ரனில சனநாயகக் கட்சி, இலினோய் மாநில செனட்டராய் மட்டும் இருந்த ஒபாமாவுக்கு முக்கிய உரையைக் குடுத்தது. 2008இல அவர் சனாதிபதியாய்த் தெரிவானார். அதே மாதிரி எப்பவும் வாய்க்காது. 2012 தம்பாவில குடியரசுக் கட்சி நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை ஏத்தினது. எழுதின பேச்சில்லை, மனிசன் ஒரு வெறுங்கதிரையோட கதைச்சார். வேட்பாளர் ரொம்னி அண்டைக்குப் பேசினதை விட்டிட்டு எல்லாரும் கதிரையைத்தான் கதைச்சினம். உங்கட பெரியவர் பயந்ததிலயும் கொஞ்சம் ஞாயம் இருக்கு.

சவுண்ட் சேர்விஸ், வவுனியா:
வெறுங்கதிரையோட பேசிறது எங்கட பின்னேர அமர்வில புதிசில்லை அண்ணை.

பழைய தபால்காரன்:
1976 மே 14 பண்ணாகத்தில தமிழர் விடுதலைக் கூட்டணியின்ர மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர் செல்வநாயகம். பார்க்கின்சன் நோய், மெலிஞ்ச குரல். சொல் அடுக்கிப் பேசிற ஆள் அமிர்தலிங்கம்தான். ஆனாலும் அங்கை நிறைவேறின, தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை இண்டைக்கும் கதைக்கிறம். இப்பத்தைய ஆக்கள் சிலருக்குத் தீர்மானத்தில என்ன இருக்கு எண்டதைவிட, தன்ர பேச்சு முகநூலில நேரலையில போகுதோ எண்டதுதான் கவலை.

ஒட்டுசுட்டான் மூலக்கிளை:
அடுத்த மாநாட்டுக்கு மாவட்டக் கிளையிட்ட எழுதிக் குடுத்திருக்கிறன்: காலமை பத்து மணிக்குக் கமக்காரரையும் பெண் உறுப்பினர்களையும் விடுங்கோ, வாழ்த்துரை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. பதில் இன்னும் வரேல்லை.

நெடுங்கேணி மகளிர் அணி:
ஓம் அண்ணை, பத்து மணிக்கு எங்கட பஸ் வந்து சேரவேணுமே. போன முறை பதினொண்டரைக்குத்தான் புளியங்குளம் தாண்டினது. அதையும் அந்தக் கடிதத்தில எழுதுங்கோ.