நல்லார்பர் சாலையில் ஒன்றுமே நடக்காத நாட்கள்: அப்பா அம்மாவோடு போகலாமா?

ஹொரமாவுவாசி கேட்டது:

நாங்கள் இருப்பது பெங்களூரில், அண்ணன் அடிலெய்டில். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன் (சக்கரம் வைத்த குட்டி வீடு) ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், ஆஸ்திரேலியாவை முழுச் சுற்று சுற்றப் போகிறேன், பெர்த் வரைக்குமாவது நீங்களும் அப்பா அம்மாவும் கூட வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ஜூலை கடைசியில் கிளம்புவதாகத் திட்டம். அப்பா ஹெச்ஏஎல்-லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 68 வயது, தெம்பாக இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் நடப்பார். மேப்பைப் பார்த்தால் நல்லார்பர் சமவெளி வழியாகப் போகும் சாலையில், செடுனாவிலிருந்து நார்ஸ்மன் வரை 1,200 கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. பார்க்க எதுவும் இல்லாத இடத்தில் லீவை ஏன் கரைக்க வேண்டும், இரண்டே நாளில் ஓட்டிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அண்ணனோ நான்கு நாள் கட்டாயம் வேண்டும் என்கிறார். வண்டியில் உட்கார்ந்தே போகும் அப்படிப்பட்ட நாள் உண்மையில் எப்படி இருக்கும்? பெரியவர்களுக்குத் தாங்குமா? முடியாவிட்டால் அம்மா பின்னால் கேரவனில் போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயநகர் நாடோடி:

நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் விட்டுவிடுங்கள். இழுத்துக்கொண்டு போகும் கேரவனுக்குள் ஓட்டத்தின்போது ஆள் இருக்கக் கூடாது, அங்கே அது சட்டவிரோதம். அம்மா காரில்தான் வர வேண்டும், முன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் சொல்வதுதான் சரி. நாங்கள் சித்தப்பா குடும்பத்தோடு இதே வழியில்தான் போனோம். செடுனாவிலிருந்து நல்லார்பர் ரோட்ஹவுஸ் (பெட்ரோல், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் இருக்கும் சாலையோர நிறுத்தம்) வரை சுமார் 300 கிலோமீட்டர், மறுநாள் யூக்லா வரை 200, அதற்கடுத்த நாள் கைகுனா வரை 340, கடைசியாக நார்ஸ்மன் வரை 370. மொத்தத்தை இரண்டால் வகுத்தால் ஒரு நாளைக்கு 600 வருகிறது, கேரவனை மாட்டிக்கொண்டு 600 என்பது ஜூலையில் ஆகாத காரியம். காரணம் வெளிச்சம். விடியலிலும் அந்தியிலும் கங்காரு சாலைக்கு வரும், அதனால் வெயில் ஏறிய பிறகு கிளம்பி, இருட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நார்ஸ்மனுக்கு முந்தின ரோட்ஹவுஸான பலடோனியா பக்கம் அந்த மாதத்தில் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் இறங்கிவிடும். எதிர்க்காற்று அடித்தால் வேகமும் குறையும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

சரி, நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். காலையில் அவசரமே கிடையாது. டீ குடித்துவிட்டு ஆளுக்கொரு வேலை. காரையும் கேரவனையும் இணைக்கும் கப்ளிங் சரியாக உட்கார்ந்ததா, இரண்டு சங்கிலியும் குறுக்காக மாட்டியிருக்கிறதா, முன்னால் இருக்கும் ஜாக்கி சக்கரம் மேலே ஏறியதா, நான்கு மூலைக் கால்களும் மடங்கியதா, கூரை ஜன்னல் மூடியதா, கேஸ் அடைத்தாயிற்றா, ஃபிரிட்ஜ் கதவின் கொக்கி விழுந்ததா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கையைக் காட்டுவார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்றீர்களே, இந்தப் பொறுப்பை அப்பாவிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள், மனிதர் தினமும் காலையில் அதற்காகவே எழுந்திருப்பார்.

அப்புறம் ஓட்டம்தான். மரமே இல்லாத சமவெளி, முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பச்சைப் புதர், அதற்கு மேல் முழுக்க வானம். எதிரே வரும் கேரவன்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார், நாமும் தூக்க வேண்டும், அதுதான் அங்கே வணக்கம். அடிபட்டுக் கிடக்கும் கங்காருவின் மேல் பெரிய கழுகு உட்கார்ந்திருந்தால் வேகத்தை நன்றாகக் குறையுங்கள், அது கனத்த பறவை, எழும்ப நேரம் எடுக்கும். கைகுனாவுக்கும் பலடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது சாலை. அங்கேதான் சித்தப்பா, 1980-களில் திருப்பத்தூரிலிருந்து வேலை தேடி வந்து ஸ்ரீராமபுரத்தில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கிய கதையைச் சொன்னார். சித்திக்கே அதில் பாதி தெரியாது. போனில் சிக்னல் இல்லை, ஜன்னலுக்கு வெளியே கை காட்டிப் பேச எதுவும் இல்லை, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், பலடோனியா வந்தும் முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கரைக்க வேண்டாம் என்று சொல்லும் லீவு இதற்காகத்தான் தேவை.

பார்க்க ஒன்றும் இல்லை என்பதும் தப்பு. நல்லார்பர் ரோட்ஹவுஸுக்குச் சற்று முன்னால் ஹெட் ஆஃப் பைட் என்ற இடம், ஜூலையில் திமிங்கிலங்கள் குட்டியோடு கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கும். யூக்லாவில் 1877-இல் திறந்த தந்தி நிலையம் மணலில் பாதி புதைந்து நிற்கிறது. பலடோனியாவில் 1979-இல் விழுந்த ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தைப் பற்றிச் சின்னக் காட்சியகமே வைத்திருக்கிறார்கள். அப்பா அதை விட்டு லேசில் நகர மாட்டார்.

பனசங்கரி அக்கா:

நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடக்கும் நாளைவிட உட்கார்ந்திருக்கும் நாள்தான் கொடுமை, மடக்கியே வைத்திருந்தால் இறங்கும்போது கால் நீட்டவே வராது. எனக்கும் அதே வலி, அதனால் சொல்கிறேன். இங்கேயிருந்து சென்னை போகும் வழி மாதிரி நினைத்த இடத்தில் காபிக்கு நிறுத்தலாம் என்பது அங்கே கிடையாது. சில ரோட்ஹவுஸ்களுக்கு நடுவே 180, 190 கிலோமீட்டர். ஓய்விடம் என்று போர்டு இருக்கும், பாதி இடங்களில் கழிப்பறை இருக்காது. கேரவன் படியும் உயரம், கீழே போட ஒரு குட்டி ஸ்டூல் கட்டாயம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். முதலில் அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா வரை 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அன்று ராத்திரி அம்மா கால் வீங்கி உட்கார்ந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பி, அடிலெய்டு பெர்த் விமானத்தில் ஏற்றிவிடுங்கள், மூன்று மணி நேரச் சொச்சம்தான். இது அம்மாவே எடுக்க வேண்டிய முடிவு, நீங்கள் இருவரும் பேசி முடிக்காதீர்கள்.

ஜெயநகர் நாடோடி:

அக்கா சொல்வது நியாயம், போர்ட் அகஸ்டா வரை ஓட்டிப் பார்க்கும் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாதவர்களே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கத்தான் வேண்டும், அம்மாவுக்காக அதை ஒரு மணி நேரமாக்குங்கள். நாள் ஒன்றுக்கு 200 முதல் 370 கிலோமீட்டர் வரைதான் என்றால் அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. கேரவனிலேயே கழிப்பறை இருந்தால் நிறுத்திவிட்டுப் பயன்படுத்தலாம், அண்ணனிடம் கேளுங்கள்.

வைட்ஃபீல்டு டீசல்:

இரண்டு விஷயம் மட்டும். ரோடு ட்ரெயின் (பல ட்ரெய்லர்களைக் கோத்து இழுக்கும் நீளமான லாரி) கடக்கும்போது காற்று கேரவனை முதலில் தள்ளி அப்புறம் இழுக்கும், ஓட்டுபவர் பதறி ஸ்டீயரிங்கை வெட்டாமல் இருந்தால் போதும். வாக்கி டாக்கி போன்ற யுஎச்எஃப் ரேடியோ இருந்தால் 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் இருப்பார்கள், பின்னால் வருபவரிடம் முந்திப் போங்கள் என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டுக்கொண்டே போவதும் நன்றாகப் பொழுது போகும். நான்கு நாளுக்கே என் ஓட்டு.

ஹொரமாவுவாசி:

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் வெளிச்சக் கணக்கைக் காட்டினேன், நான்கு நாளுக்கு ஒத்துக்கொண்டார். அம்மாவிடம் இன்று பேசினேன், போர்ட் அகஸ்டா வரை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். அவருடைய ஒரே கேள்வி சமையல். வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் அடிலெய்டிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

வைட்ஃபீல்டு டீசல்:

பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் இடத்தில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள், ஃபிரிட்ஜையும் திறந்து பார்ப்பார்கள். சமைக்காத காய்கறி, பழம், தேன் இதெல்லாம் போகாது. அதனால் இரண்டாம் நாள் காலை வரைக்கும் ஆகும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் முந்தின ராத்திரியே வதக்கிக் குழம்பாக்கிவிடச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, பொடி வகைகளை வைத்துத்தான் அதற்குப் பிறகு நார்ஸ்மன் வரை ஓட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் செடுனாவில் முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் ரோட்ஹவுஸ்களில் தொட்டிக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.